ஹேண்ட்பிரேக்

“ஹேண்ட்பிரேக் வந்தாச்சு!” என்றார் டயர் கடைக்காரர், தெருவை எட்டிப் பார்த்து.

பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. நண்பர் ராக்கெட்டின் மனைவிக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவர்தான்.

வாசலில் சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்த அம்மாள் இறங்கிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். ராக்கெட் இறங்கினார்.

“பாத்தீங்களா? அந்த டப்பா காரைக்கூட அவர் கையில கொடுக்க மாட்டேங்குது!” என்று பல்லைக் கடித்தார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டயர் கடையின் ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும். அடுக்கிய டயர்களின் மேல் நாலு பேர் டீயும் கையுமாக உட்கார்ந்து, வைத்திருந்த கார், ஓட்டிய கார், கை நழுவிய கார் என்று பேசித் தீர்ப்பார்கள். வெளியாள் யாராவது கேட்டால், பழைய காதலிகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பான்.

“ஒரு கஸ்டமர் ஸ்போர்ட்ஸ் காரை டயர் மாத்தக் கொடுத்துட்டுப் போனார். டெஸ்ட் பண்றேன்னு மலையடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தேன். அன்னைக்கு நான் ராஜா!” என்றார் கடைக்காரர்.

“எனக்கு விலைக்கு வந்தது மஞ்சள் கலர். மஞ்சள்ல போய் யாராவது ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவாங்களான்னு விட்டுட்டேன். இப்ப மஞ்சளா எது ரோட்டுல போனாலும் வயித்தெரிச்சல்” என்றார் கணக்கு வாத்தியார்.

“ஸ்கூல் பஸ் போனாலுமா?”

“அது போனாலும்தான்.”

நிஜமாகவே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர் ராக்கெட் ஒருத்தர்தான். கூரை மடக்கும் சிவப்பு ரெண்டு சீட்டர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தபடி அவர் பேச ஆரம்பித்தால் அந்த ஸ்டைலே தனி.

“தண்ணி டேங்க் வளைவு இருக்கே, அதுல எல்லாரும் ரெண்டாவது கியர்ல திரும்புவாங்க. நான் மூணாவது! அப்ப இன்ஜின் பாடும் பாருங்க...”

“அப்புறம் ஏன்தான் வித்தீங்களோ!”

“வீட்டம்மாவுக்கு வேகம்னா பயம்.”

எட்டு வருஷமாக வாராவாரம் அதே கேள்வி, அதே பதில். இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று டாக்டர் கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லாரையும் கடைக்குப் பின்னால் அழைத்துப் போய், உறையை உருவினார்.

“வியாழக்கிழமை வாங்கினேன். அதே மாடல், அதே சிவப்பு!”

பானெட், கதவு, ஸ்டியரிங் எல்லாவற்றையும் ராக்கெட் இரண்டு கையாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“நீங்கதான் முதல்ல ஓட்டணும். புடிங்க!” என்று சாவியை வீசினார் டாக்டர்.

சாவி அவர் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. ராக்கெட் குனிந்து தரையைத் தடவுவதற்குள், அந்த அம்மாள் விறுவிறுவென்று வந்து எடுத்துக்கொண்டாள்.

“வேணாம்.”

“அண்ணி, ஒரே ஒரு ரவுண்டு!”

“வேகம்னா எனக்குப் பயம், தம்பி.”

“பாத்தீங்கல்ல? என் தலையெழுத்து!” என்று சிரித்தார் ராக்கெட்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. “எட்டு வருஷமா மனுஷன் ஏங்கறார்! உங்களை ஹேண்ட்பிரேக்னு சொல்றதுல தப்பே இல்ல!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மாள் கோபப்படவில்லை. கணவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வேணும்னா நான் ஓட்டறேன். அவர் பக்கத்துல உக்காரட்டும்.”

“கார் போச்சு” என்று டாக்டர் காதில் முணுமுணுத்தார் வாத்தியார்.

கார் கிளம்பியது. மூன்று பேரும் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒண்ணாவது... ரெண்டாவது... மூணாவது. தெருக்கோடியில் தண்ணி டேங்க் தெரிந்தது. இப்போது கியர் இறங்கும் என்று காத்திருந்தார்கள். இறங்கவில்லை. மூணாவதிலேயே பாடிக்கொண்டு திரும்பியது.

“யம்மாடி!” என்றார் கடைக்காரர். கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியிருந்தது.

திரும்பி வந்த ராக்கெட்டின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. டயர் மேல் உட்கார்ந்ததும் கதையை ஆரம்பித்துவிட்டார். டாக்டர் மெல்ல அம்மாளிடம் போனார்.

“அண்ணி, வேகம்னா பயம்னீங்களே?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “எட்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, தம்பி. அவர்தான் பக்கத்துல உக்காந்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே சொல்லிக் கொடுத்தார்.”

“சத்தத்தைக் கேட்டா?”

“நேரா இருக்கிறது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஓரத்துல மட்டும் கொஞ்சம் நிழலாட்டம். அதனாலதான் காரை வித்தோம்.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சாய்ந்த தலை. ஓரக்கண். முப்பது வருஷமாக ஊரார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் ராக்கெட்டின் கண்ணைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, அண்ணி?”

“கண்ணு தெரியலைன்னா பாவம்னு ஓரமா உக்கார வெச்சிருப்பீங்க. பொண்டாட்டி விடலைன்னா உங்கள்ல ஒருத்தரா இருப்பார். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.”

சாவியை நீட்டினாள். டாக்டர் வாங்கவில்லை.

“என்ன டாக்டர், ஹேண்ட்பிரேக் என்ன சொல்லுது?” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் கடைக்காரர்.

டாக்டர் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“அதையேன் கேக்கறீங்க! அடுத்த வாரமும் அவர் கையில சாவி கிடையாதாம். இவங்களேதான் ஓட்டுவாங்களாம்!”

எல்லாரையும்விடச் சத்தமாக ராக்கெட் சிரித்தார்.