வாணியின் தாளம்

தில்லைவாணி ஒரே ஒரு படத்தில்தான் ஆடினாள். அந்த நடனத்துக்கு அமைத்த இசையைத் படப்பிடிப்பு முடிந்தபின் தயாரிப்பாளர் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டதால், திரையில் அவள் கால்கள் தாளம் தப்பின. தியேட்டரே சிரித்தது. பிறகு யாரும் அவளை ஆடக் கூப்பிடவில்லை.

நாற்பது வருடம் கழித்து, பழைய படங்களில் நீக்கிய இசையைத் தேடிப் பொருத்தும் வசதி வீட்டுச் சுவர்த்திரைக்கே வந்துவிட்டது. கணவர் மாசிலாமணி அந்தப் படத்தைப் போட்டார். மிருதங்கம் அதிர்ந்தது. அவளுடைய ஒவ்வொரு அடியும் தாளத்தில் கச்சிதமாக விழுந்தது.

"பாத்தீங்களா, நான் சரியாத்தான் ஆடியிருக்கேன்."

"நானும் இத்தனை வருஷமா கேலி பண்ணிட்டேனே வாணி. இன்னொரு தடவை பாக்கலாமா?"

"போடுங்க."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். மாசிலாமணி அவசரமாக சோபாவை ஓரத்துக்குத் தள்ளினார்.