லாவெண்டர் சோப்பு

மாலை வகுப்பில் நாங்கள் செய்த வாசனை சோப்புகளைக் கிறிஸ்துமஸ் பரிசாகப் புற்றுநோய் வார்டுக்குக் கொடுத்தோம். என் பங்கு பன்னிரண்டு லாவெண்டர் சோப்பு. நோட்டில் ஒவ்வொரு படிக்கும் டிக் போட்டுக்கொண்டேதான் செய்தேன். ஆனாலும் கொடுத்த மறுநாள் பையைத் துழாவியபோதுதான் என் தப்பு தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடலாம் என்று வார்டுக்கு ஓடினேன்.

"சிஸ்டர், நான் கொடுத்த சோப்பு..."

"வெள்ளைக் காகிதம் சுத்தினதா? ஒண்ணுகூட மிச்சமில்லை. மத்தவங்க கொடுத்ததெல்லாம் அதோ, பெட்டியோட கிடக்கு."

"ஏன் சிஸ்டர்?"

"வாசனை பட்டாலே இவங்களுக்குக் குமட்டும். உங்க டீச்சருக்கே அது தோணலை பாருங்க!"

ஜன்னலோரப் படுக்கையிலிருந்த அக்கா கையசைத்துக் கூப்பிட்டார்.

"நீதானாம்மா அது? மூணு மாசமா வெறும் தண்ணியிலதான் முகம் கழுவுறேன். நேத்துதான் சோப்பு போட்டேன். எங்களை நினைச்சுப் பார்த்து செஞ்சிருக்கே, நல்லா இருப்பே."

"அது வந்துக்கா... நான்..."

"அடடா, வெட்கத்தைப் பாரு!" என்று சிஸ்டர் சிரித்தார்.

"இன்னும் ரெண்டு செஞ்சு தா," என்றார் அக்கா. "எப்படிச் செஞ்சேன்னு எழுதி வச்சுக்கோ. மறந்துடாதே."

தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

நோட்டில் ஒன்பதாவது படி, 'வாசனை எண்ணெய் சேர்க்கவும்'. அதற்கும் டிக் போட்டிருக்கிறேன். அக்காவிடம் காட்டாத லாவெண்டர் புட்டி மட்டும், சீல்கூட உடைக்காமல் என் பையிலேயே இருக்கிறது.