கப்பல்களுக்கான வரிசை

சுட்டியின் மேல் அவள் விரல் இருந்தது. இன்னும் அழுத்தவில்லை.

திரையில் மின்கலத்தின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்த செயற்கைக்கோளில், சூரியத் தகடு ஒன்று பாதி திரும்பி அப்படியே சிக்கிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. தகடுதான் வேறு பக்கம் பார்த்து நின்றது.

எதையாவது அணைக்க வேண்டும். தாமதித்தால் எல்லாமே அணைந்துவிடும்.

பெரிய சுமை இரண்டு. விளையாட்டுச் சேனல்கள் ஒன்று. கடலில் போகிற கப்பல்களின் தொடர்பு இன்னொன்று.

பத்மநாபன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பொறுப்பாளர்.

"சாருலதா, கப்பலை எடுத்துடுங்க."

"சேனலை எடுத்தாலும் போதும் சார்."

"ஃபைனல் ஓடிக்கிட்டிருக்கு."

அப்போதுதான் மேசைத் தொலைபேசி அடித்தது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மருத்துவர். பெயர் முகைதீன் என்றார். ஒரு கப்பலிலிருந்து வரும் படம் விட்டுவிட்டு வருகிறது, என்ன கோளாறு என்று கேட்டார். அவள் சொன்னாள். மறுமுனையில் குரல் மாறியது.

"அம்மா, தயவுசெஞ்சு நிறுத்திறாதீங்க. நடுக்கடல்ல ஒரு பையன் சரக்கு அறைக்குள்ள விழுந்துட்டான். விலா உடைஞ்சு நெஞ்சு பூரா காத்து அடைச்சிருக்கு. ஊசி இறக்கினா மூச்சு வந்துரும். கப்பல்ல டாக்டர் கிடையாது. லிஜோன்னு ஒரு ஆபீசர், அவர் கையில ஊசி இருக்கு. எங்க குத்தணும்னு நான் படத்தைப் பாத்துத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"எவ்வளவு நேரம் ஆகும் டாக்டர்?"

"அஞ்சு நிமிஷம். அதுகூட ஆகாது."

அவள் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். சொன்னாள். பத்மநாபன் முழுவதும் கேட்டார். அவர் முகம் வாடியது. அது நடிப்பில்லை.

பிறகு மின்கலத்தின் அளவைப் பார்த்தார். சுவர் டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பார்த்தார்.

"டிவி நின்னா நாடே கேக்கும்மா. கப்பல் நின்னா யாரு கேப்பா?"

அவள் விரல் சுட்டியிலேயே நின்றது.

"நீங்க அழுத்தறீங்களா, நான் அழுத்தட்டுமா?"

அவரை அழுத்தவிட்டிருக்கலாம். எழுந்து வெளியே போயிருக்கலாம். சேனல்களின் கட்டம் திரையில் கப்பல்களின் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுட்டியைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் போதும்.

அவள் அழுத்தினாள்.

கப்பல்களின் கட்டம் சாம்பல் நிறமானது.

தொலைபேசி காதிலேயே இருந்தது. மருத்துவர் அவளிடம் பேசவில்லை. ரிசீவரை எங்கேயோ வைத்துவிட்டு, நின்றுபோன படத்திடம் பேசிக்கொண்டிருந்தார்.

"லிஜோ, கேக்குதா? அங்க இல்ல லிஜோ. இன்னும் மேல. லிஜோ, ஊசியை மேல கொண்டு போங்க. லிஜோ."

அடுத்த அறையிலிருந்து ஒரு பெரும் கூச்சல் வந்தது. யாரோ சிக்ஸர் அடித்திருக்க வேண்டும். விசில். மேசையைத் தட்டும் சத்தம்.

"லிஜோ, இன்னும் மேல."

அவள் ரிசீவரை மெதுவாக வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

மின்கலம் இறங்குவது நின்றது. பத்மநாபன் அவள் தோளருகே கையைக் கொண்டுவந்து, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

தகட்டை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லி அவள் கட்டளைகள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. பிறகு, எதனால் என்று தெரியாமலே, ஒரு கட்டளைக்கு இணங்கித் திரும்பியது. வெயில் அதன் மேல் விழுந்தது. அளவு ஏறத் தொடங்கியது.

ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. டிவியில் வீரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் யாரையும் கேட்காமலே கப்பல்களின் கட்டத்தைத் திறந்தாள். திரையின் அடியில் கப்பல்களின் சிக்னல்கள் ஒவ்வொன்றாகக் கோடுகளாய் எழுந்தன.

"பாத்தீங்களா," என்றார் பத்மநாபன். "ஒரு கப்பல்ல இருந்தும் கம்ப்ளைன்ட் வரல."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தன் அறைக்குப் போய்விட்டார்.

அவள் தூத்துக்குடி எண்ணை அழைத்தாள். மருத்துவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"லைன் வந்துடுச்சு டாக்டர். இப்ப பேசலாம்."

"ஆமாம்மா. வந்துடுச்சு. பாத்தேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. இனி நிறுத்த மாட்டோம்."

"எனக்கு வேண்டாம்மா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேப்டன் அந்தப் பையனோட வீட்டுக்குப் பேசணுமாம். அவங்க அம்மாவைக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க. அது முடியறவரைக்கும் மட்டும் பாத்துக்கோங்க."

இணைப்பைத் துண்டித்தார்.

திரையில் அந்தக் கப்பலின் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

அது நடுக்கமே இல்லாமல் நின்றது. அவ்வளவு தெளிவு. ஒரு சொல்கூட விடுபடாது.