பட்டம் வந்த காலை

செம்பியராயர் என்ற பட்டம் அந்தக் குடும்பத்தில் தந்தை இறந்த பிறகே மூத்த மகனுக்கு வரும். அது வேண்டாம் என்று சண்டை போட்டுத் தில்லிக்கு வந்த ஜெகன், பல வருடங்களாக அப்பாவிடம் பேசவில்லை. ஜனக்புரியில் யாருக்கும் அந்தப் பெயரே தெரியாது.

ஞாயிறு காலை காய்கறி வண்டிக்காரர், "செம்பியராயர்ஜி, பாலக் லீஜியே" என்று கீரைக்கட்டை நீட்டினார். எதிர்வீட்டு சர்தார்ஜியும், "நமஸ்தே, செம்பியராயர்ஜி" என்று வணங்கினார்.

ஜெகன் பதறி ஊருக்குப் போன் செய்தான். அப்பாவே எடுத்தார்.

"அப்பா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன்டா. வீடு நெறையக் கூட்டம். நான் பேசுறது யாருக்கும் கேக்கல. நீ ஒருத்தன்தான் பேசுற."

"மன்னிச்சிருங்கப்பா."

"அதெல்லாம் விடு. சாப்ட்டியா?"

அக்கா வைஷ்ணவியின் அழைப்பு இடையிடையே வந்துகொண்டிருந்தது. ஜெகன் அதை எடுக்காமல், காலையில் என்ன சாப்பிட்டான் என்று அப்பாவிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.