அக்காவின் நடைக்காலணி

கொடைக்கானலிலிருந்து இருவரும் நடந்தே இறங்கி வந்த அன்று, பெரியகுளம் பேருந்து நிலையத்தில் கடைசி ஆரஞ்சை உரித்து, பெரிய பாதியை அக்கா தன் வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் மாரடைப்பில் போய்விட்டாள்.

அவளுடைய நடைக்காலணி எனக்கும் பொருந்தியது. அது அணிந்தவரின் நடையைப் பதிந்துகொண்டு, அடுத்து அணிபவரையும் அதேபோல் நடத்தும். "மலையிறங்கிக் கீழ போய்ச் சேர்ந்ததும் உங்க நடை பதிஞ்சிரும், உங்கக்காவோடது அழிஞ்சிரும்மா" என்று அதை விற்ற கடைக்காரர் எச்சரித்தார். ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு கொடைக்கானலிலிருந்து மறுபடி இறங்கினேன்.

"மெல்லப் போயேன்க்கா!" என்று மூச்சிரைக்கக் காலணியைத் திட்டினேன். ஆனால் வளைவுதோறும் அது நின்றது. அங்கெல்லாம் அன்று நான் பின்னால் வந்து சேரும்போது, "லேஸ் கட்டுனேன்டி, உனக்காகவா நின்னேன்?" என்பாள். மூன்றாம் வளைவில் குனிந்து பார்த்தேன். லேஸே இல்லாத காலணி அது.

வழியில் வெள்ளகவி ஊருக்குள், சாமி மண் என்று யாரும் செருப்பணிந்து நடப்பதில்லை. நானும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஊரைத் தாண்டியதும், அங்கிருந்து கூட நடந்து வந்த உள்ளூர்ப் பெண், "இனி மாட்டிக்கங்கம்மா, கல்லு குத்தும்" என்றாள்.

"குத்தட்டும் தாயி. இவள நான் தூக்கிட்டே வர்றேன்" என்றேன்.

வெள்ளகவியிலிருந்து பெரியகுளம் வரை பாதை இன்னமும் இறக்கம்தான்.