மூன்று வரி இடம்

அந்த ஊக்கு அவளுடையது அல்ல.

சாப்பாட்டுக் கேரியரை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். கணவரின் வெள்ளைச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில், நீலத் தலை வைத்த ஒரு சின்ன ஊக்கு.

அவளிடம் இருப்பவை எல்லாம் வெள்ளை ஊக்குகள்.

காலையில் பொத்தான் இருந்ததா? அவர் எப்போது கிளம்பினார் என்பதே அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் இளைஞர் மன்ற மாநாடு. ஒரு வாரமாக அவர் வீட்டுக்கு வருவது சட்டை மாற்ற மட்டும்தான்.

தூத்துக்குடியில் 'கரைச்செய்தி' மாலைப் பத்திரிகையை நடத்துவது அவர். மன்றத்துக்குத் தலைவரும் அவர். பத்திரிகை ஆபீசின் முன்னறைதான் மன்றம். அங்கே வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அதனால் அவள் எல்லாருக்கும் மதினி.

ஜன்னலோரம் மன்றச் செயலாளர் பெல்சியா மாநாட்டு பேட்ஜ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பெல்சியாவின் துப்பட்டாவில், இடது தோளில் நீலத் தலை ஊக்கு.

வலது தோளில் இல்லை.

பெல்சியா இருமினாள்.

அந்த இருமல் இவளுக்கு நெஞ்சில் தைத்தது.

பத்திரிகையில் பக்கம் முடிந்த பிறகு அடியில் மூன்று வரிக்கு இடம் மிஞ்சும். அதை நிரப்பும் துணுக்கை அவரே எழுதுவார். நின்றுகொண்டே, பென்சிலால். வேறு யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. நேராக அச்சுக்குப் போய்விடும்.

கல்யாணமான புதிதில் ஒரு சண்டை. பேச்சு நின்றுபோனது. அன்றைய பத்திரிகையின் அடியில் இப்படி இருந்தது: 'குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னவர்கள் அதற்காக மிகவும் வருந்துகிறார்கள்.'

அவள் சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் பத்திரிகையை அடியிலிருந்துதான் படிக்கிறாள். ஊருக்கு அது துணுக்கு. அவளுக்கு, அவர் தன்னோடு பேசுவது.

போன வாரம் வந்தது இது: 'இருமல் உள்ளவர்கள் சுக்குக் கஷாயம் குடிக்கவும். ஐஸ் தண்ணீரைத் தொட வேண்டாம்.'

அவளுக்கு இருமல் இல்லை.

"இன்னும் இருமல் விடலையா பிள்ள?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"இப்பம் பரவால்ல மதினி. அண்ணாச்சி எனக்குன்னே துணுக்குல போட்டாவல்லா, கசாயம் குடிக்கச் சொல்லி."

"ஆமா, உனக்குன்னு போட்டாவ." நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த செந்தூரான் திரும்பினான். "எங்க அம்மையும் அதைப் படிச்சிட்டு ஒரு வாரமா கசாயத்தைத்தான் குடிக்கா. அதுக்கு முந்தி, அப்பாகிட்ட பேசாம இருக்கவங்க போய்ப் பேசுங்கன்னு வந்துச்சே, அதுதான் எனக்கு."

"பேசினியால?" என்றான் ஒருத்தன்.

"பேசினேன். அடிக்க வந்தாரு."

அறையே சிரித்தது. ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். பரீட்சையில் கோட்டைவிட்டவனுக்கு ஒன்று வந்திருக்கிறது. வெளிநாடு போவதா வேண்டாமா என்று குழம்பியவனுக்கு ஒன்று.

அவள் சிரிக்கவில்லை.

ஒருத்தி என்றால் சண்டை போடலாம். ஊரே என்றால்?

அந்த உப்பு? அதுவும் எத்தனை வீட்டுக் குழம்புக்கோ.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி, மூணு வரி."

அவர் பென்சிலை எடுத்தார்.

அவள் கையை நீட்டினாள்.

"இன்னைக்கு நான் எழுதுதேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கொடுத்தார். அவள் எழுதி மடித்த தாளைப் பிரிக்காமலே உள்ளே அனுப்பினார். துணுக்குக்கு அதுதான் வழக்கம்.

'பொத்தான் அறுந்த சட்டையோடு இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து தைத்துக்கொண்டு, அதன் பிறகு மாநாட்டுக்குப் போகவும்.'

சாயங்காலம் பத்திரிகை வீட்டு வாசலில் வந்து விழுந்தது. அவள் ஊசியில் நூல் கோத்து வைத்திருந்தாள்.

கதவு தட்டும் சத்தம்.

தலைமுடியைச் சரிசெய்துகொண்டு திறந்தாள்.

செந்தூரான். கையில் ஒரு பொத்தான்.

"துணுக்கு நீங்க எழுதினதுல்லா மதினி. அதான் வந்துட்டோம்."

அவனுக்குப் பின்னால் மன்றத்துப் பிள்ளைகள். படிக்கட்டு வரைக்கும் வரிசை. ஒருத்தன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பனியனோடு நின்றான். இன்னொருத்தன் தம்பியின் பள்ளிக்கூடச் சட்டையையும் சேர்த்து எடுத்து வந்திருந்தான்.

யாரையும் போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தைத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். அடுத்தவன் வந்தான்.

மாநாட்டுத் திடலிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. தலைவர் அவர்கள் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்.

ஊசி விரலில் ஏறியது. இன்னும் மேடைக்குப் போகவில்லையா? எங்கேதான் இருக்கிறார்? யாரோடு?

கடைசிப் பிள்ளையும் சட்டையை மாட்டிக்கொண்டு நகர்ந்தான்.

அவனுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார்.

தன் வீட்டுக்குள், செருப்பைக் கழற்றிவிட்டு, தன் முறை வருவதற்காக.

நீல ஊக்கு இல்லை. சட்டை நெஞ்சுக்குக் கீழே வரை திறந்து கிடந்தது.

ஒலிபெருக்கி மறுபடி அழைத்தது. அது காதில் விழாதவர் போல அவள் முன்னால் வந்து நின்று, உள்ளங்கையை விரித்தார்.

மதியம் அறுந்திருந்தது ஒரு பொத்தான்.

உள்ளங்கையில் நான்கு கிடந்தன.

அவள் புது நூலை, தேவைக்கும் நீளமாகவே அறுத்தாள்.