ஸ்கேன் பட்டை

மாதவிலக்கு நாட்களில் மருமகள் சுகந்தி சுருண்டு படுப்பதை ராஜாமணி நடிப்பென்றே நினைத்தாள். அன்று சுகந்தி மருந்துக்கடையில் வாங்கிய ஸ்கேன் பட்டையை வயிற்றில் கட்டிக்கொண்டாள். சுவர்த்திரையில் படம் விரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்றது பட்டையின் குரல். கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய சவ்வு குடலில் வளர்ந்து, இரண்டையும் ஒட்டவைத்திருந்தது.

“இது யாருக்குக் கட்டுனாலும் அப்படித்தான் சொல்லும். எனக்குக் கட்டு, பாக்கலாம்” என்றாள் ராஜாமணி.

சுகந்தி மாமியாருக்குக் கட்டிவிட்டாள். அதே நோய்தான், தழும்புகள் பல ஆண்டுகள் பழையவை என்றது குரல்.

ராஜாமணி திரையில் தெரிந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“எவ்வளவு வலிச்சிருக்கும்னு இது சொல்லுமா கண்ணு?”

“அதைச் சொல்லாதுங்க அத்தை. நீங்கதான் சொல்லோணும்.”

“யாரும் கேட்டதில்லயே.”

சுகந்தி கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். ராஜாமணி உட்கார்ந்தாள்.

“கல்யாணமான புதுசுல, அந்த நாள்ல வெளிக்குப் போக உக்காந்தா முந்தானைய வாயில அடைச்சுக்குவேன். சத்தம் கேட்டா உங்க மாமா வைவாரு.”

இன்னும் நிறையச் சொன்னாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, “உனக்கு இப்ப எப்படி இருக்குது?” என்று கேட்டாள்.